ஆண்டவர் குரலுக்கு எத்தனை மதிப்பெண்

போன மாதம் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். சிதம்பரத்தில் நான் உளவியல் படித்த அதே துறையில் படித்து முடித்தவள், எனக்கு எட்டு வருடம் இளையவள். நான் வேலை பார்த்த மையத்திலேயே அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது.

"அக்கா, இப்ப எல்லாம் டேப்லெட்லயே டெஸ்ட்டு. முடிச்ச ஒடனே ரிப்போர்ட்டு தானா வந்துடுதாம். நாம சும்மா ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாப் போதுமாம். ஈசியான வேலைதானேக்கா?"

அப்போதே பதில் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். அந்தப் பெண் என்ன செய்தாள், பாவம். "எழுதி அனுப்புறேன்மா" என்று வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் அவளுக்கு மட்டும் சொல்லும் விஷயமாக இது இல்லை.

எனக்கு வயது முப்பத்து மூன்று. அந்தத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். இந்த வயதில் என்ன ஓய்வு என்று சிரிக்கிறார்கள். ராஜினாமா என்று சொன்னால் வேறு இடத்தில் நல்ல சம்பளம் வந்ததா என்று கேட்பார்கள். சிரிப்பே தேவலை.

வேலை இதுதான். ஒரு திருச்சபையில் ஆயர் பட்டம், அதாவது பாதிரியார் பட்டம், பெறுவதற்கு முன்னால், இறையியல் படித்து முடித்தவர்களுக்கு ஆளுமைச் சோதனை வைப்பார்கள். இவர் ஒரு சபையைக் கட்டி நடத்தக் கூடியவரா, சாவு வீட்டிலும் சண்டை வீட்டிலும் நிதானமாக நிற்பாரா, ரகசியம் காப்பாரா என்று பார்ப்பதற்கு. கடலூர் முதுநகரில் ஓர் ஆலோசனை மையம் அந்தச் சோதனையை நடத்தியது. அங்கே ஐந்து வருடம் இருந்தேன்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர், அம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். நாங்கள் கிறிஸ்தவர்கள் கிடையாது. வேலை கிடைத்ததும் அம்மா மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டாள்: "எம்பொண்ணு கோயில் ஐயருங்களுக்கே பரீட்சை வைக்கிறா." எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆறு வருடப் படிப்பை இதற்கு மேல் யாரும் சுருக்கிச் சொல்லிவிட முடியாது.

மையத்தின் இயக்குநர் ஜெயசீலன். ஆயரும் அவரே, உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவரும் அவரே. எல்லோருக்கும் அவர் டாக்டரய்யா. குரலை உயர்த்தியே பேச மாட்டார். பெண்கள் எல்லோரும் அவருக்கு "மகளே". நான் எழுதும் அறிக்கையை மேஜையில் வைத்து, அடிஸ்கேலை ஒவ்வொரு வரிக்கும் கீழே நகர்த்தி நகர்த்திப் படிப்பார். தப்பு இருக்கும் இடத்தில் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். நானே கண்டுபிடித்துத் திருத்திக் கொண்டு போக வேண்டும். முதல் வருடம் ஓர் அறிக்கைக்கு இருபது புள்ளி விழும். அழுதுகொண்டே பஸ் ஏறியிருக்கிறேன். ஆனால் எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அதை மறைத்துவிட்டு அவரைத் திட்ட எனக்கு மனமில்லை. மறைக்காமலே திட்டுகிறேன்.

சோதனை காலை ஒன்பதரைக்குத் தொடங்கும். ஆளுக்கு ஒரு மேஜை, ஒரு சொம்பு தண்ணீர், சீவிய பென்சில் இரண்டு. முந்நூறுக்கு மேல் வாக்கியங்கள் அச்சடித்த புத்தகம். ‘எனக்குச் சீக்கிரம் கோபம் வரும்’, ‘கூட்டத்தில் பேசப் பிடிக்கும்’ என்று ஒவ்வொன்றாகப் படித்து, விடைத்தாளில் ஆம் அல்லது இல்லை என்ற வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். பிறகு நான் ஓட்டை போட்ட அட்டைகளை விடைத்தாள் மேல் ஒவ்வொன்றாக வைப்பேன். ஓட்டை வழியே எத்தனை கறுப்பு தெரிகிறதோ அத்தனை மதிப்பெண். மனச்சோர்வுக்கு ஓர் அட்டை, சந்தேகக் குணத்துக்கு ஓர் அட்டை, பொய்க்கு ஓர் அட்டை. மதிப்பெண்களை வரைபடத்தாளில் குறித்தால் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இருக்கும். கோட்டுக்கு மேலே போனால் தொந்தரவு. அதற்குப் பின் ஆளைத் தனியாகக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேச வேண்டும். கடைசியில் ஒரு பக்க அறிக்கை, அடியில் ஒரு முடிவு: பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை.

புத்தகத்தோடு வரும் கையேட்டில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. எழுதுகிறவர் ஒரு வாக்கியத்துக்கு அர்த்தம் கேட்டால் விளக்கக் கூடாது. "உங்களுக்கு எப்படிப் புரிகிறதோ அப்படிப் போடுங்கள்" என்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

இந்தச் சோதனையே குப்பை என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டாம் வருடம் மங்கலம்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான், இருபத்தைந்து வயது இருக்கும். பொய் அட்டையை வைத்தால் எல்லா ஓட்டையும் கறுப்பு. வாழ்க்கையில் ஒரு தடவைகூடக் கோபப்பட்டதில்லை, யாரையும் வெறுத்ததில்லை, ஒரு நாளும் சோம்பேறித்தனம் இல்லை. தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, யாருக்காக இப்படிப் போட்டீங்க?" என்று கேட்டேன். பென்சிலை உருட்டிக்கொண்டே சொன்னான்.

"எனக்கு ரெண்டு வயசுல மூளைக் காய்ச்சல் மிஸ். பொழைச்சா ஊழியத்துக்குத் தந்துடுறோம்னு எங்கப்பா பொருத்தனை பண்ணிட்டாரு. நேந்து உட்ட ஆடு மாதிரி வளத்தாங்க. எனக்கு ஒயரிங் வேலைன்னா உசுரு மிஸ்."

பரிந்துரைக்கவில்லை என்று எழுதினேன். அவன் அப்பா மையத்துக்கே வந்து, ஆண்டவருக்குக் கொடுத்ததைப் பிடுங்க நீ யார் என்று கத்தினார். டாக்டரய்யா எழுந்து போய் அவர் தோளில் கைவைத்து, "அந்த ஆட்டையும் கொஞ்சம் கேட்டுப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு எவ்வளவு மரியாதை வந்தது என்று சொல்ல முடியாது. பையன் இப்போது நெய்வேலியில் எலக்ட்ரீஷியன். பொங்கலுக்கு இன்றும் வாழ்த்து அனுப்புகிறான்.

அந்த மரியாதையோடும், நான் ஆள் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்ற திமிரோடும் ஐந்தாம் வருடத்துக்கு வந்தேன். அந்த வருடம் பன்னிரண்டு பேர். அதில் ஒரே பெண் எஸ்தர்.

எஸ்தருக்கு முப்பத்தெட்டு வயது. புவனகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு காலனி. பன்னிரண்டு வருடமாக மூன்று சின்னச் சபைகளில் ஊழியக்காரியாக, அதாவது பட்டம் இல்லாமல் ஆயரின் வேலையில் பாதியைச் செய்துகொண்டிருந்தவர். தபாலில் இறையியல் படித்து முடித்திருந்தார். அவர் வீட்டிலும் அவர்தான் முதலில் படித்தவர். அதை விண்ணப்பத்தில் பார்த்தபோது எனக்கு ஒரு நெருக்கம் வந்தது. அதோடு சரி.

மற்றவர்கள் இரண்டு மணி நேரத்தில் எழுதி முடித்தார்கள். எஸ்தர் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உதடு அசைந்தது. நடுவில் கையைத் தூக்கினார்.

"மேடம், ‘மத்தவங்களுக்குக் கேக்காத குரல் எனக்குக் கேக்கும்’னு போட்டிருக்கு. இது ஆண்டவரு பேசுறதையும் சேத்துதானா?"

"உங்களுக்கு எப்படிப் புரியுதோ அப்படிப் போடுங்க."

"இல்ல மேடம், எனக்கு ரெண்டு மாதிரியும் புரியுது. அதான் கேக்குறேன்."

"விளக்கம் சொல்லக் கூடாதும்மா. ரூல்ஸ்."

அவர் குனிந்து வட்டத்தைக் கறுப்பாக்கினார்.

அட்டைகளை வைத்தேன். இரண்டு அளவுகள் சிவப்புக் கோட்டைத் தாண்டி எங்கோ போயிருந்தன. குரல் கேட்கும்: ஆம். காரணமில்லாமல் அழுகை வரும்: ஆம். விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும்: ஆம். நாள் கணக்கில் சாப்பாடு வேண்டியிருக்காது: ஆம். கண்ணுக்குத் தெரியாத எதிரி என்னைத் தோற்கடிக்கப் பார்க்கிறான்: ஆம். என் கைகளில் மற்றவர்களுக்கு இல்லாத சக்தி உண்டு: ஆம். ஒரு பெரிய காரியத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் நான்: ஆம். பொய் அட்டையில் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. பன்னிரண்டு பேரில் மிகக் குறைவு அவருக்குத்தான்.

அரை மணி நேரம் பேச வேண்டிய இடத்தில் பத்து நிமிடம் பேசினேன். மாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அவரும் அவசரப்பட்டார். வரைபடம்தான் கத்திச் சொல்கிறதே, இனி என்ன கேட்பது என்று நானும் விட்டுவிட்டேன். எழுதினேன்: ‘புலன்மயக்க அறிகுறிகள் தென்படுகின்றன. மனநல மருத்துவரிடம் அனுப்புவது நல்லது. பரிந்துரைக்கவில்லை.’

டாக்டரய்யா அடிஸ்கேலை வரி வரியாக நகர்த்தினார். ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. ஐந்து வருடத்தில் முதல் தடவை. "நல்லா எழுதியிருக்க மகளே" என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் அரை கிலோ இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அறிக்கைகள் தேர்வுக் குழுவுக்குப் போய் மூன்று வாரம் இருக்கும். மையத்தில் இருக்கும் கோப்புகளை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கோப்பிலும் ஒரு கடிதம் இருக்கும். ஊழியத்துக்கு ஆண்டவர் என்னை எப்படி அழைத்தார் என்று தேர்வர் தன் கையால் எழுதும் சாட்சிக் கடிதம். அது இல்லாமல் விண்ணப்பத்தையே வாங்க மாட்டார்கள். குழு படிக்கிற கடிதம் என்பதால் நான் அதுவரை ஒன்றைக்கூடப் படித்ததில்லை. அன்றைக்குக் கையில் பட்டதை நின்றபடியே படித்தேன். பண்ருட்டி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரலைக் கேட்டாராம் ஒருவர். அடுத்ததை எடுத்தேன். கண்ணீரோடு நாற்பது நாள் உபவாசம். அடுத்தது, சத்துரு தன்னை விழுங்கப் பார்த்தது. அடுத்தது, கைவைத்து ஜெபித்ததும் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது. தரையில் உட்கார்ந்து பன்னிரண்டையும் படித்தேன். பன்னிரண்டு பேருக்கும் குரல் கேட்டிருந்தது.

விடைத்தாள்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எஸ்தர் ‘ஆம்’ போட்டிருந்த அந்த ஏழு வாக்கியத்துக்கும் பதினொரு பேர் ‘இல்லை’ போட்டிருந்தார்கள். கடிதத்தில் எழுதியதையே தாளிலும் போட்டிருந்தது எஸ்தர் ஒருவர்தான்.

என் அம்மாவுக்கு மாசி மகத்தன்று சாமி வரும். கடற்கரையில் முடி அவிழ்ந்து விழ ஆடி, குறி சொல்லி, பிறகு ஒன்றும் நடக்காதது போல எழுந்து அடுத்த நாள் மீன் விற்கப் போவாள். ஊரில் அவளைவிடத் தெளிவான பெண் கிடையாது. பல்கலைக்கழகத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, வெட்கமாக இருக்கும். அந்த அம்மாவின் வயிற்றில் பிறந்து வந்துதான், குரல் கேட்கும் என்று உண்மையைச் சொன்ன ஒரு பெண்ணைப் பைத்தியம் என்று எழுதியிருக்கிறேன்.

அந்த வாரமே பன்னிரண்டு பேரில் ஒருவன் ஏதோ சான்றிதழ் வாங்க வந்தான். ஆயர் வீட்டுப் பையன், நல்ல கலகலப்பானவன். சாதாரணமாகப் பேசுவது போலக் கேட்டேன்.

"கடுதாசில குரல் கேட்டுச்சுன்னு எழுதியிருக்கீங்க. டெஸ்ட்டுல இல்லன்னு போட்டிருக்கீங்களே?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "அய்யோ அக்கா! கடுதாசி சபைக்கு, டெஸ்ட்டு உங்களுக்கு. ஆமான்னு போட்டா மெண்டல்னு எழுதிடுவீங்கன்னு எங்கப்பா மொதல்லயே சொல்லிட்டாரு. அவுரு டெஸ்ட்டு எழுதுனப்ப அவுருக்கும் யாரோ சொன்னாங்களாம். இது எல்லாருக்கும் தெரியுமே?"

எல்லோருக்கும் தெரியும். ஆயர் வீட்டில் பிறந்தவர்களுக்கும், இறையியல் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்கும் தெரியும். தபாலில் படித்தவருக்கு யார் சொல்வார்கள்?

டாக்டரய்யாவிடம் இருபத்து நான்கு தாள்களையும் கொண்டுபோய் வைத்தேன். அவர் அடிஸ்கேலைத் தொடவே இல்லை.

"தெரியும் மகளே" என்றார்.

"தெரியுமா?"

"எங்க எதைப் பேசணும், எங்க பேசக் கூடாதுன்னு தெரிஞ்சவங்கதான் சபையை நடத்த முடியும். அந்தப் பதினோரு பேருக்கும் அது தெரிஞ்சிருக்கு. அந்த அம்மாவுக்குத் தெரியல. அது தெரியறதும் ஒரு தகுதிதான்."

"அதுக்குப் பேரு தகுதியாய்யா? டியூஷன் இல்லையா?"

"நீ சபைக்கு வெளியில இருக்கிற பொண்ணு. உனக்கு இது புரியாது."

"அறிக்கை எழுதுறப்ப நான் உள்ளதான இருந்தேன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன ரிப்போர்ட் போனதுதான்" என்று முடித்துவிட்டார்.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பது போலத் தோன்றி, இரண்டு நாள் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. நாவடக்கம் ஆயருக்குத் தேவைதான். ஆனால் நாங்கள் அளந்தது நாவடக்கம் இல்லை. யார் வீட்டுப் பிள்ளை என்பதை அளந்துவிட்டு, அதற்கு மனநலம் என்று பெயர் வைத்திருந்தோம். இது தெளிவானதும், என் அறிக்கை தவறு என்று தேர்வுக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன்.

கூப்பிட்டார்கள். நீள மேஜைக்குப் பின்னால் ஐந்து ஆண்கள். ஒருவர் என் அறிக்கையை எனக்கே வாசித்துக் காட்டினார். "இது உங்க கையெழுத்துதானே? மனநல டாக்டர்கிட்ட அனுப்பச் சொன்ன யோசனையும் உங்களதுதானே?" ஆமாம் என்றேன். "இப்ப இது தப்புன்னு ஒரு கடிதம். நாளைக்கு இந்தக் கடிதம் தப்புன்னு இன்னொரு கடிதம் தருவீங்களா?" மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். கடிதங்களையும் விடைத்தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று சொன்னேன். அதை யாரும் செய்யவில்லை. செய்திருந்தால் பதினொரு பேரைப் பற்றியும் பேச வேண்டி வந்திருக்கும். எஸ்தர் அடுத்த வருடம் மறுபடி சோதனை எழுதலாம் என்று முடிவானது. மறுநாள் நான் வேலையை விட்டேன்.

எஸ்தரிடம் நேரில் சொல்லப் புவனகிரிக்குப் போனேன். அவர் கணவர் சிதம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் துணியை உதறிப் போட்டார்.

"வாங்க மேடம், உள்ள வாங்க. பைத்தியம் கடிக்காது."

ரகசிய அறிக்கை என்று மேலே அச்சடித்த காகிதத்தில் எழுதியது, மூன்று சபைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் எஸ்தரிடம் தூக்கி வந்தவர்கள், இப்போது வாசலோடு திரும்பிப் போனார்கள். ஞாயிறு பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். பட்டம் கிடைக்காதது இருக்கட்டும், பன்னிரண்டு வருட வேலையும் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். கடிதங்கள், விடைத்தாள்கள், என் பத்து நிமிடப் பேச்சு, நான் வாங்கிய இனிப்புவரை. கடைசியில் எஸ்தர் கேட்டார்.

"நான் கேட்டனே உங்கள. கையைத் தூக்கிக் கேட்டனே. அப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"ரூல்ஸ்..." என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன்.

"சரி. அடுத்த தடவ என்னா போடணும்? அதையாவது சொல்லுங்க."

சோதனையின் ரகசியத்தை வெளியே சொல்வது எங்கள் தொழிலில் மன்னிக்க முடியாத குற்றம். அந்த ஏழு வாக்கியங்களையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’ போடச் சொன்னேன்.

அவர் கணவர் வாசலிலிருந்து, "போட்டுத் தொலையேன், ஆண்டவரா ஒக்காந்து படிக்கப் போறாரு அதை" என்றார்.

"பேதுருகூட இயேசுவத் தெரியாதுன்னு மூணு தடவதான் மறுதலிச்சாரு" என்றார் எஸ்தர். "எனக்கு ஏழு வருது." அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வருடம் அவர் எழுதினார். அட்டைகளை வேறு யாரோ வைத்தார்கள். எல்லா அளவும் கோட்டுக்குக் கீழே. ஒரு வருடத்தில் அவர் மனநிலை நன்றாகத் தேறியிருப்பதாக அறிக்கையில் எழுதியிருந்தார்களாம். அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

பட்டம் கொடுத்தது சிதம்பரத்தில். அழைப்பிதழ் எனக்கும் வந்தது, நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வெள்ளை அங்கி போட்டு நின்ற எஸ்தரிடம் சாட்சி சொல்லச் சொன்னார்கள். ஆண்டவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அவர் சொன்னார். முன்வரிசையில் டாக்டரய்யாவும் குழுவில் இருந்த அந்த ஐவரும் "அல்லேலூயா" என்றார்கள்.

முடிந்து எல்லோரும் சாப்பாட்டுப் பந்திக்குப் போனபோது எஸ்தர் என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏழு எடத்துல இல்லன்னு போட்டேன். அன்னிக்கே முழங்கால்ல நின்னு, யாருகிட்ட மன்னிப்பு கேக்கணுமோ கேட்டுட்டேன்" என்றார். "நீங்க யாருகிட்ட கேக்கப் போறீங்க மேடம்?"

பதிலுக்குக் காத்திருக்காமல், பந்தியில் பிள்ளைகளுக்கு இலை போடப் போய்விட்டார்.